வீட்ல கொஞ்சம் இருக்கு

சொல்லிவிடுங்களேன். எப்போதும் சொல்வதுதானே. நான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். கத்தரிக்கோல் கையிலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் வெட்டிக் கொடுத்துவிடுவேன்.

மருந்துக் கடைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற சைக்கிள் கடைக்காரருக்கு, அவள் மனசுக்குள் சொன்ன இது எதுவும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த சளி மருந்து விளம்பரத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.

"எத்தனை நாளைக்குண்ணே குடுக்கட்டும்?" என்று அவள் கேட்டாள்.

"வீட்ல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பின்னால் நின்ற பெண் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. தெரிந்த பாட்டு எங்கோ ஒலித்தால் வருமே, அந்த மாதிரிச் சிரிப்பு. சைக்கிள் கடைக்காரரின் காது மடல் சிவந்துபோனது.

"முழுசாவே குடும்மா. டாக்டர் எழுதின மாதிரியே எல்லாம் குடு."

அவள் எடுத்து வைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து கொஞ்சம், கால்சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் என்று எடுத்தார். அப்புறம் பிள்ளைக்கு வாங்கும் டானிக் பாட்டிலை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"இது மட்டும் இருக்கட்டும். பாப்பாவுக்கு இந்த ருசி பிடிக்கறதில்ல."

போன மாதம் அந்தப் பாப்பா இதே கவுண்டரில் நின்று, இதே பாட்டிலின் மூடியை நக்கிவிட்டு இன்னொரு மூடி கேட்டது. அவள் பாட்டிலை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள். ஐந்தே எழுத்து டைப் செய்ய அரைமணி நேரம் திணறும் இந்தக் கட்டைவிரலால் ஒரு மனுஷனின் வாயை அடைத்துவிட்டேனே என்று நினைத்தாள்.

மருந்துக் கடையில் அவளுக்குப் பதினோரு வருஷம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. தெருவில் போனால் 'மாத்திரை அக்கா'. முதலில் கோபம் வந்தது, அப்புறம் பழகிவிட்டது. வேலை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சீட்டை வாங்கிப் படிப்பது, எடுத்துக் கொடுப்பது, காலையா மாலையா என்று கவரில் எழுதுவது. அட்டையைப் பிரித்துக் கொடுக்கும்போது மட்டும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் ஒரு ஓரத்தில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். வெட்டும்போது தேதி இல்லாத பக்கத்திலிருந்துதான் வெட்ட வேண்டும். தேதி உள்ள துண்டு கடைசிவரை கடையில் இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் மாற்றி வெட்டி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கத்தரிக்கோலின் ஒரு பிடி உடைந்து, பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதுவும் அவளும் சமவயது என்று கடையின் இன்னொரு ஆள் கிண்டல் செய்வார். அந்த ஆளுக்கு 'அலமாரி' என்று பட்டப்பெயர். எந்த மருந்து எந்தத் தட்டில் எத்தனையாவது டப்பாவில் என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாள்தான் தெரியாது.

வலைப்பூ எழுத ஆரம்பித்தது மகளால். பத்தாவது படிக்கிறவள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கடைக் கதைகளைச் சொல்லி ஓய்வதே இல்லையென்று, "யம்மா, இதையெல்லாம் என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எழுது. நான் உனக்கு ஒரு பிளாக் போட்டுத் தர்றேன்" என்றாள். போட்டும் தந்தாள். 'கவுண்டருக்கு இந்தப் பக்கம்' என்று பெயர். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணிவரை கடையில் ஈ காக்கை இருக்காது. முதலாளி சாப்பிடப் போயிருப்பார். அந்த நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனில் ஒற்றைக் கட்டைவிரலால் எழுதுவாள்.

முதல் பதிவு, சில்லறைக்குப் பதில் தொண்டை மிட்டாய் கொடுக்கிற பழக்கத்தைப் பற்றி. நாங்கள் கொடுக்கிறோம், நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள், ஒரு நாள் நீங்கள் அதே மிட்டாயை எங்களிடம் காசாகத் தந்தால் நாங்கள் வாங்குவோமா என்று கேட்டிருந்தாள். பதினோரு பேர் படித்திருந்தார்கள். அதில் நாலு, மகள் வெவ்வேறு தோழிகளின் போனில் திறந்து பார்த்தது. இரண்டாவது, பஸ் கட்டணம் ஏறிய பிறகு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறவர்கள், நடப்பது உடம்புக்கு நல்லது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைப் பற்றி. இருபத்து மூன்று பேர். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. பதினோரு வருஷமாக அவளிடம் மருந்தின் பெயரைக் கேட்டவர்கள்தான் உண்டு. எதைப் பற்றியாவது நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது இருபத்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மூன்றாவது பதிவுதான் வினை.

"எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முழு மருந்து வாங்குவதில்லை. விலை கட்டுப்படியாகவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. 'வீட்ல கொஞ்சம் இருக்கு, நாலு மட்டும் குடுங்க' என்பார்கள். வீட்டில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நாங்கள் 'சரி' என்று சொல்லி வெட்டிக் கொடுப்போம். இதைவிட மரியாதையான ஒரு பொய்யை நான் எங்கள் ஊரில் கேட்டதில்லை."

இப்படி ஆரம்பித்து நீளமாகப் போனது. நடுவில் ஒரு அம்மா வருவார். "அவர் மருந்துச் சீட்டை எட்டாக மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருப்பார். கீல் விட்டுப்போன கூடு, ரப்பர் பேண்டு போட்டிருக்கும். உள்ளே கண்ணாடி இல்லை. அது உடைந்து இரண்டு வருஷமாகிறது. காப்பாற்ற ஏதாவது ஒன்று வேண்டுமே என்று அந்தக் கூடு இப்போது சீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது."

இந்த வாக்கியம் வந்த மத்தியானம் அவள் செல்போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு எழுந்து, கடை வாசல்வரை போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தாள். தனக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று இருந்தது. வேறு எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். நிஜத்தில் கணக்கு டீச்சராக இருந்த அந்த அம்மாவை ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக்கினாள். இருதய மாத்திரையைச் சர்க்கரை மாத்திரையாக்கினாள். மாத்திரை வீட்டுக்காரருக்கு என்பதையும் எடுத்துவிட்டாள். கூட்டை மட்டும் எடுக்கவில்லை.

மகள் படித்துவிட்டு, "சூப்பர்மா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் மூட்டு மாத்திரையைப் பத்தி மட்டும் எழுதலையே?" என்றாள்.

"அதுல எழுத என்ன இருக்கு?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறியே. கேட்டா, வலி கம்மியாயிடுச்சுங்கறே."

"கம்மிதான்."

"சரிம்மா, கம்மிதான்" என்று சொன்னாள் மகள். அம்மா கடையில் சொல்லும் அதே 'சரி'. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தப் பதிவை யார் முதலில் எடுத்து யாருக்கு அனுப்பினார்கள் என்று தெரியாது. நாலே நாளில் குடியிருப்புக் குழுக்களில், பள்ளிப் பெற்றோர் குழுக்களில், எங்கெங்கோ சுற்றியது. பன்னிரண்டாயிரம் பேர் என்று மகள் காட்டினாள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பதிவை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். "நம்ம கடையை ஊருக்கே தெரிய வெச்சுட்டேம்மா" என்றார். சம்பளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாடிக்கையாளர்கள் விளையாட ஆரம்பித்தார்கள். காசுள்ள இளைஞர்கள் இருமல் மருந்து வாங்க வந்து, "அக்கா, வீட்ல கொஞ்சம் இருக்கு, எழுதிராதீங்க!" என்பார்கள். கடையே சிரிக்கும். அவளும் முதல் இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள்தான் கவனித்தாள். அதை நிஜமாகச் சொல்கிறவர்கள் ஒருவரும் இப்போது சொல்வதில்லை. சிலர் முழுசாக வாங்கிவிட்டு வேறு எதையோ விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் சீட்டைக் காட்டி விலை மட்டும் கேட்டுவிட்டு, "அப்புறம் வர்றேன்" என்று போனார்கள். வீட்டுவேலை செய்யும் ஒரு பெண், நாலு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டுப் படியேறாமலே திரும்பிப் போனாள். காதும் காதும் வைத்த மாதிரி நடந்துகொண்டிருந்த ஒரு விஷயத்துக்குப் பெயர் வைத்துச் சுவரில் ஒட்டியாயிற்று. இனி அதற்குள் எப்படி ஒருவர் ஒளிந்துகொள்வார்?

கணக்கு டீச்சர் வரவே இல்லை.

ஆறு நாளைக்கு ஒரு தரம் வருகிறவர். வருவார், ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார், சீட்டைப் பிரித்து நீவி வைப்பார். "வீட்ல கொஞ்சம் இருக்கு. ஆறு மட்டும் குடும்மா." சீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு என்று எழுதியிருந்தது. ஆறு மாத்திரை மூன்று நாளைக்குத்தான் காணும். டீச்சர் ஆறு நாள் கழித்துத்தான் வருவார். அவளுக்கு அது தெரியும். அதை மட்டும் எழுதாமல் விட்டதற்காக அப்போது தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தாள்.

ஆறு நாள் போயிற்று. ஒன்பது நாள் போயிற்று. சாதாரண மாத்திரை இல்லை அது. இருதயத்துக்கானது. இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது என்று அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

பத்தாம் நாள் அலமாரி பெட்டிகளை இறக்கிக்கொண்டே சொன்னார். "டீச்சரம்மாவைப் பாத்தேன். ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட பஸ்ஸுக்கு நின்னாங்க. கையில பச்சைக் கவரு."

பச்சைக் கவர், கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடையுடையது.

"அங்க எதுக்குண்ணே போகணும்? பஸ்ஸுக்கே எவ்வளவு ஆவும்?"

"போக வர ஒரு மாத்திரை விலை ஆவும்" என்றார் அலமாரி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த தாளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அடுத்த பெட்டியை இறக்கப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அன்று மத்தியானம் கண்ணாடிக் கூடு வரும் இடத்தை வலைப்பூவிலிருந்து எடுத்தாள். எடுத்த இடத்தில் பத்தி நொண்டியது. எடுத்து என்ன பயன்? சுவரில் இருந்தது, பன்னிரண்டாயிரம் போன்களில் இருந்தது. முதலாளியிடம் சுவரிலிருப்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். "உனக்கென்ன பைத்தியமா? பசை காயறதுக்குள்ள எடுக்கச் சொல்றே" என்று சிரித்தார்.

மூட்டு மாத்திரைக்கு வைத்திருந்த காசைப் போட்டு, டீச்சர் வாங்கும் மாத்திரையில் இரண்டு முழு அட்டை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். மாடியில் இரண்டு அறை. வாசலில் செருப்புகள் சுவரோடு சுவராக, அளவெடுத்த மாதிரி நேராக இருந்தன. மகளுக்கு ஆறாவதில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்த டீச்சர்தான்.

"வாம்மா, உக்காரு" என்றார் டீச்சர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பொண்ணுக்குப் பின்னம் வருதா இப்போ?"

"வருது டீச்சர்."

"வராது. அவசரக்காரி அவ. கீழ இருக்கற எண்ணைப் பாக்காமலே கூட்டிடுவா."

உள்ளறையிலிருந்து ரேடியோவும் அதற்கு மேலே ஒரு குரலும் வந்தன. "யாரு அது?"

"பழைய பொண்ணு ஒருத்தியோட அம்மா! மார்க்கைப் பத்திக் கேக்க வந்திருக்காங்க!" என்று டீச்சர் சத்தமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கே. முதல் பத்தி நீளம், ரெண்டா வெட்டியிருக்கலாம்."

அவள் ஆரம்பித்தாள். "டீச்சர், நான்..."

"என்னை ஆபீஸ்காரியா மாத்திட்டே. சீக்கை மாத்திட்டே. இவரை விட்டுட்டே. எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கே. கூட்டை மட்டும் ஏம்மா அப்படியே வெச்சே? பேங்க்ல, பஸ்ல, எங்க போனாலும் நான் அதைத்தானே எடுப்பேன்."

அவளிடம் பதில் இருந்தது. வெட்கமாக இருந்ததால், "தெரியல டீச்சர்" என்றாள்.

"எனக்குத் தெரியும். பரீட்சைப் பேப்பர்ல பசங்க சில விடையை அடிக்காம விட்டிருப்பாங்க. தப்புன்னு அவங்களுக்கே தெரியும். ஆனா அந்த எடத்துல கையெழுத்து அழகா வந்திருக்கும். அடிக்க மனசு வராது."

அவள் தலை குனிந்தாள். முப்பது வருஷம் பேப்பர் திருத்தியவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

"சாயங்கால மாத்திரை!" என்றது உள்ளே இருந்த குரல்.

"இதோ வந்துட்டேன்!" டீச்சர் எழுந்து ஜன்னல் மேடையிலிருந்த இரண்டு சின்ன டப்பாக்களில் இடதுபுறத்ததைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினார். வெள்ளை மாத்திரை. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்த அவள் அதைப் பார்த்தாள். பதினோரு வருஷக் கண். டீச்சர் வாங்கும் மாத்திரைக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். இதில் கோடு இல்லை.

டீச்சர் தண்ணீரும் மாத்திரையுமாக உள்ளே போய் வெறும் டம்ளருடன் வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"கண்டுபிடிச்சுட்டியா?"

"அது எலும்புக்குப் போடற சத்து மாத்திரை டீச்சர்."

"ஆமா. எனக்குக் குடுக்கறது. பெரியாஸ்பத்திரியில சும்மா தர்றாங்க. அவரோடது அங்க வர்றதில்ல. காலையில நிஜம், சாயங்காலம் இது. ரெண்டும் வெள்ளை. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

"இது விளையாட்டு இல்ல டீச்சர். அரை அளவு போட்டா..."

"கணக்கு எனக்குத் தெரியும்மா" என்றார் டீச்சர். கோபமில்லாமல்தான் சொன்னார். "அவருக்குத் தெரிஞ்சா ரெண்டையுமே நிறுத்திடுவாரு. கல்யாணமாகி நாப்பது வருஷம், தனக்குன்னு ஒரு கைக்குட்டை வாங்கிக்கிட்டதில்ல. இதுக்கா இப்படிக் கஷ்டப்படறேன்னு கேப்பாரு. அடுத்த வேளை வாயைத் திறக்க மாட்டாரு. பாதியாவது உள்ள போகட்டும்."

அவள் பையிலிருந்த கவரை எடுத்து மேசையில் வைத்தாள். டீச்சர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. எடுத்து அவள் பையிலேயே திருப்பி வைத்து, ஜிப்பையும் இழுத்து மூடினார்.

"வேணாம்மா. வீட்ல நிறைய இருக்கு."

'கொஞ்சம்' என்று சொல்லியிருந்தால் அவள் கெஞ்சியிருப்பாள். 'நிறைய' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

வாசலில் செருப்பைப் போடும்போது டீச்சர் சொன்னார். "யாரு கேட்டாலும் அது நான் இல்லன்னு சொல்லிடு. அவரு பேப்பர் படிக்கறதில்ல, போனும் பாக்கறதில்ல. ஆனா நாலு பேரு வீடு தேடி வந்து பேசினா காது நல்லாக் கேக்கும்."

"சரி டீச்சர்" என்றாள்.

அடுத்த வாரம், காலை பதினொரு மணிக்கு, முதலாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டைல்ஸ் கம்பெனி நடத்துகிறவர். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை, கூடவே கேமரா வைத்த ஒரு பெண். அவருக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது. கல்லாவுக்கு மேலே இருந்ததை எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். கூடு வரும் இடத்தில் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அவரைக் கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"இந்தம்மாவுக்கு ஒரு வருஷ மருந்து என் பொறுப்பு" என்றார். "ஒரு வேளைகூடக் குறையக் கூடாது. நேர்ல போய்க் குடுப்போம். நீங்களும் வாங்க. அதைப் பத்தி இதே மாதிரி ஒண்ணு எழுதுங்க." பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். புதுக் கண்ணாடிக் கூடு. பழுப்புத் தோல், பளபளவென்ற கீல். "இதையும் வாங்கினேன். படத்துல நல்லா இருக்கும்."

"யாரும்மா அது?" என்று முதலாளி ஆவலாகக் கேட்டார். "எனக்கும் இத்தனை நாளாச் சொல்லாம வெச்சிருக்கியே. பேரு வேணாம், வீட்டை மட்டும் காட்டு."

ஒரு வருஷம். அவள் மனம் தன்னாலேயே கணக்குப் போட்டது. ஒரு நாளைக்கு இரண்டு. இரண்டிலும் கோடு உள்ள மாத்திரை. ஜன்னல் மேடையில் ஒரே டப்பா. அந்த மனிதருக்கு இன்னும் எத்தனை வருஷமோ அத்தனை வருஷம். எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. தெருப்பெயர், மாடி, வரிசையாக வைத்த செருப்புகள்.

"சார், மருந்தை என் கையில குடுங்களேன்" என்றாள். "நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன். மாசா மாசம் ரசீது காட்டறேன்."

டைல்ஸ்காரர் வருத்தமாகச் சிரித்தார். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா. நேர்ல பாத்தாத்தானே நாலு பேரு இதைப் பாத்து நாமளும் செய்யணும்னு வருவாங்க. மறைச்சு வெச்சா என்னோட முடிஞ்சுடும். நீங்க மறைக்காம எழுதினதுனாலதானே நானே வந்தேன்?"

அவள் எழுதினதால்தான் வந்தார். டீச்சர் போனதும் அதே எழுத்தால்தான். அவர் பேச்சில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மாடியறையில் கேமராவோடு இத்தனை பேர் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து "யாரு அது?" என்று வரும் குரலையும். அதற்கு டீச்சர் என்ன சொல்லிச் சமாளிப்பார்? இத்தனை பேரும் மார்க்கைப் பற்றிக் கேட்கவா வந்திருக்கிறார்கள் என்று அவர் வீட்டுக்காரர் கேட்க மாட்டாரா? அடுத்த வேளைக்கு வாயைத் திறக்க மாட்டார்.

சொன்னால் இப்போது உள்ளே போகிற பாதியும் போய்விடும். சொல்லாவிட்டால் பாதியாவது மிஞ்சும்.

"என்னம்மா யோசனை?" முதலாளியின் குரலில் கொஞ்சம் கண்டிப்பு ஏறியது. "சாருக்கு வேற வேலை இருக்கு."

"அப்படி யாரும் இல்ல சார்" என்றாள்.

"என்னது?"

"அந்தம்மா நிஜம் இல்ல. நானா சும்மா எழுதினது."

கேமராப் பெண் கேமராவைக் கீழே இறக்கினாள். டைல்ஸ்காரர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கலங்கிய கண் மெல்ல உலர்வதை அவள் பார்த்தாள். பன்னிரண்டாயிரம் பேரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அந்தக் கூட்டைப் பற்றியதுதான் அவள் எழுதியதிலேயே மிகவும் உண்மையான வாக்கியம். அதைத்தான் இப்போது பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தக் கூடு? ரப்பர் பேண்டு?"

"அதுவும் கற்பனைதான் சார்."

முதலாளிக்கு முகம் செத்துப்போனது. "யோவ் அலமாரி!" என்று உள்ளே திரும்பினார். "நீ இங்கதானேய்யா இருக்கே. இந்த மாதிரி ஒரு அம்மாவை நீ பாத்திருக்கியா இல்லியா?"

அலமாரி ஏணியில் நின்றபடி மேல்தட்டில் எதையோ தேடினார். எதையும் தேடி எடுத்த வழக்கமில்லாதவர். "எனக்குத் தட்டுதான் தெரியும் சார்" என்றார். "ஆளுங்களை யாரு பாத்தா?"

வாசலில் சைக்கிள் கடைக்காரர் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனவரை அவள் கையசைத்து அழைத்தாள். அவர் சீட்டை வாங்கி, அட்டையை எடுத்து, தேதி இல்லாத பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். எத்தனை என்று மட்டும் கண்ணால் கேட்டாள். அவர் கவுண்டருக்குக் கீழே, மற்றவர்களுக்குத் தெரியாமல், நாலு விரலைக் காட்டினார்.

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரும்மா" என்றார் முதலாளி, கெஞ்சலும் மிரட்டலுமாக. "ஒரு வருஷ மருந்து. ஒரு மனுஷிக்கு நீ செய்யற உபகாரம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. யாருன்னு சொல்லு."

அவள் நாலு மாத்திரையை வெட்டிக் கவரில் போட்டாள். காலை, மாலை என்று எழுதினாள்.

"ஞாபகப்படுத்திக்க ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "அப்படி ஒருத்தங்க நம்ம கடைக்கு வர்றதே இல்ல."